தட்டில் மீந்தது

வெங்காயத் தோலை யாரும் மதிப்பதில்லை. அதை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வடிகட்டி ரோஜாவுக்கு ஊற்றிப் பாருங்கள், மேடம். இலைக்கு ஒரு மினுமினுப்பு வரும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற அரளித் தொட்டியை வரும்போது கவனித்தேன். மண் இறுகிப்போயிருக்கிறது. டீ வடிகட்டின தூளைச் சர்க்கரை போகக் கழுவி, காயவைத்துத் தூவினால் பொலபொலவென்று ஆகிவிடும். காசு செலவில்லாத வேலை.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். உரத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செடிக்கு ஊற்றினதும் அவருக்கு ஊட்டினதும் ஒரே சமையலறையிலிருந்து போனவை.

என் பெயர் ரத்தினபாய். மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். என் கணவர் லாசரஸ் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. கீழே நாங்கள், மேலே மொட்டைமாடி. ஒரே மகன் டெனிஸ், கோவிலம்பாக்கத்தில் குடியிருக்கிறான். வெளியே பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். புகார் கொடுத்ததும் அவன்தான். கொடுத்தது சரி. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடித்ததில்லை, கை ஓங்கினதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நேரத்துக்குப் போய் முன் வரிசையில் உட்காருவார். தெருவில் அவரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் தவறாகச் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டில் மட்டும் ஒரு வழக்கம். பாதி சாப்பிடுவார். பிறகு உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே பிடித்து, "போதும்" என்பார். நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. நான் கரண்டியோடு நிற்பேன். அவர் கை கழுவப் போவார். மீந்ததை நான் சாப்பிடுவேன், அல்லது தெரு நாய்க்குப் போகும்.

பேச்சிலும் அப்படித்தான். உறவுக்காரர்கள் வந்திருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றை நான் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் அவர் என் பக்கம் திரும்பாமலே, "போதும்" என்பார். சத்தமாக இல்லை. மின்விசிறியை நிறுத்துவது மாதிரி. வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நான் உள்ளே போய் காபி கலப்பேன். இதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. எந்த வீட்டில்தான் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு மாடியில் தொட்டி வைத்தேன். முதலில் நாலைந்து, பிறகு மாடி முழுக்க. கடையில் உரம் வாங்கக் கூடாது என்பது என் தீர்மானம். அரிசி கழுவின தண்ணீர், முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு எல்லாம் மேலே போயிற்று. புளித்த மோரில் தேங்காய்ப்பால் கலந்து ஒரு வாரம் மூடி வைத்தால் தேமோர் கரைசல். பூக்காத செடியும் பூக்கும். மீனையும் வெல்லத்தையும் சமமாகப் போட்டு ஊறவைத்தால் மீன் அமிலம். நாற்றம் அடிக்கும் என்பார்கள். சரியாகச் செய்தால் பழ வாசனைதான் வரும்.

தாம்பரம் பக்கத்து மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் சேர்ந்தேன். யாராவது சந்தேகம் கேட்டால் குரல் பதிவு போடுவேன். சில பதிவு நீளமாகப் போகும். எல்லோரும் கடைசிவரை கேட்பார்கள். கேட்டுவிட்டு, "டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார்கள். மேடம், எனக்கு அது புதிது.

இவர் மாடிக்கு ஒரே ஒரு தரம் வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "போதும், வீட்டுக்குள்ள கொண்டுவராத" என்று சொல்லி இறங்கிப் போனார்.

போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. குளியலறையில் விழுந்தார். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்றது. அது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் மிருதுளா என்று ஒரு பெண், பேச்சுப் பயிற்சி கொடுப்பவள், என்னை உட்காரவைத்து விளக்கினாள்.

"ஆன்ட்டி, இது அங்கிள் சொல்ற வார்த்தை இல்ல. வாய்ல மாட்டிக்கிட்ட வார்த்தை. தண்ணி வேணும்னாலும் இதான் வரும், வலிச்சாலும் இதான் வரும். இன்னும் சாப்பாடு வேணும்னாலும் 'போதும்'னுதான் சொல்வார். வார்த்தைய விட்டுடுங்க. முகத்தப் பாருங்க."

"ஏன் இந்த வார்த்தை?" என்று கேட்டேன்.

"சில பேருக்கு ரொம்பப் பழகின வார்த்தைதான் நிக்கும்" என்றாள்.

எனக்குப் புரிந்தது. பாடம் நடத்தினவள் நான். ஒரு விஷயத்தை எனக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை.

என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். எல்லாம் குழைவாக இருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுவார், மெதுவாகக் கொடுக்க வேண்டும். கஞ்சி, மசித்த வாழைப்பழம், வேகவைத்த முட்டை, குழைத்த தயிர்சாதம், முள் நீக்கின மீன், தேங்காய்ப்பால். கேட்டுக்கொண்டே இருந்தபோது, இதெல்லாம் எனக்குத் தெரிந்த பொருட்கள்தானே என்று தோன்றியது. வேறொன்றும் அப்போது தோன்றவில்லை. அதை நம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டெனிஸ் ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தான். செல்லியம்மாள். காலையில் வந்து சாயங்காலம் போவாள். இவரைத் துடைத்து, துணி மாற்றி, சாப்பாடு கொடுப்பாள். அவள் கொடுக்கிற விதமே வேறு. பேசிக்கொண்டே இருப்பாள்.

"இன்னா ஐயா, எம்மேல கோவமா? இன்னும் ஒரு வாய்தான். தொறங்க. அப்புடித்தான். பாரு, எவ்ளோ சோக்கா துன்றாரு எங்க ஐயா."

இவர் "போதும்" என்பார். அவள் அடுத்த வாய் ஊட்டுவாள். "போதும்" என்பார். அடுத்தது. அப்படியே தட்டு காலியாகும். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் காலித் தட்டைப் பார்த்ததில்லை, மேடம். அவள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். இவர் முகத்தில் சதை பிடித்தது. கண்ணில் தெளிவு வந்தது. அவள் உள்ளே வந்தால் இவர் தலை திரும்பும். நான் போனால் திரும்பாது.

நான் அவளை நிறுத்திவிட்டேன். என் அக்கா மகள் வந்து தங்கப்போகிறாள் என்று டெனிஸிடம் சொன்னேன். அப்படி யாரும் வரவில்லை. பிறகு அவன் கேட்டபோது, நானே பார்த்துக்கொள்கிறேன், வெளி ஆள் எதற்கு என்றேன். அம்மாவுக்கு எவ்வளவு பொறுமை என்று அவன் நினைத்தான். அவன் முகத்தில் தெரிந்தது.

செல்லியம்மாள் போகிற அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பைய்யத்தான் துன்னுவாரு மா. அவசரப்படுத்தாதீங்க" என்றாள். சரி என்றேன்.

முதலில் சில நாள் நானும் அவளைப் போலத்தான் கொடுத்தேன். பேசத்தான் வரவில்லை. என்ன பேசுவது. ஒரு வாய் கொடுப்பேன், அவர் விழுங்கும்வரை சுவரைப் பார்ப்பேன். மேலே விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் சுற்றும். அது போய்த் திரும்பி வரும்போதும் அதே வாய் உள்ளே இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம், பாதி சாப்பாட்டில் போன் அடித்தது. விஷ்ணுப்ரியா. எங்கள் குழுவில் இருக்கிற பெண், ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. அவளுடைய செம்பருத்தியில் மாவுப்பூச்சி. நான் பேசிக்கொண்டிருந்தேன். இவர் "போதும்" என்றார். நான் போனைக் காதில் வைத்தபடியே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். போதும் என்றார், எழுந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

தட்டில் தயிர்சாதமும் மசித்த பழமும் மீந்திருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் புளிக்கவைத்து, வெகுநாளாகப் பூக்காமல் நின்ற மல்லிகைக்கு ஊற்றினேன். அந்த மாதமே மொட்டு விட்டது. காரணம் அதுவாக இல்லாமலும் இருக்கலாம். வெயில் காலம், கிளையை வெட்டிக் கவாத்தும் பண்ணியிருந்தேன். ஆனால் எனக்கு அது ஒரு பதில் மாதிரி இருந்தது. நான் ஒன்றைக் கொடுத்தேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரு வேளையும் நான் சமைக்காமல் இருந்ததில்லை. எல்லாம் சரியான பக்குவத்தில் செய்வேன். தட்டில் நிறைய வைத்து, தலையணையை உயர்த்தி, துண்டு கட்டி, கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன். இவரும் கண்ணை மூடுவார். பிறகு ஒரு வாய் கொடுப்பேன். விழுங்கிவிட்டு "போதும்" என்பார். நான் எழுந்துவிடுவேன். சில நாள் இரண்டு வாய், சில நாள் மூன்று. சமைக்கிற அளவை நான் குறைக்கவே இல்லை. கொடுக்கிறதைத்தான் குறைத்தேன்.

தண்ணீர் கொடுத்தேன். கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். மாத்திரைகளைத் தவறாமல் பொடித்துக் கொடுத்தேன். துணியை ஈரமாக விட்டதில்லை. முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ்கூட அதைச் சொன்னாளாம், எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று.

இடது கை நன்றாகத்தான் இருந்தது. தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து கட்டில் கம்பியில் தட்ட ஆரம்பித்தார். தட்டிவிட்டுக் கதவைப் பார்ப்பார். என்ன சத்தம் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நான் பிளாஸ்டிக் டம்ளர் வைத்தேன். கொஞ்ச நாள் மோதிரத்தால் தட்டினார். கல்யாண மோதிரம். ஒரு நாள் துணி மாற்றும்போது பார்த்தேன், மோதிரம் மெத்தையில் கிடந்தது. தானாகக் கழன்றிருக்கிறது. எடுத்து பீரோவில் வைத்தேன். அதற்குப் பிறகு தட்டவில்லை.

மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தீர்களா தெரியாது. அப்படி ஒரு தோட்டம் இந்தப் பக்கத்தில் இல்லை. முட்டையை ஓடோடு எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து வெல்லம் சேர்த்தால் கரைந்துவிடும். அதைத் தெளித்த கத்தரியில் இலை உள்ளங்கை அகலம் வந்தது. தேமோர் கொடுத்த தக்காளியில் பூ உதிரவே இல்லை. படம் போட்டால் குழுவில் கேட்பார்கள், "டீச்சர், அப்படி என்னதான் ஊத்துறீங்க?" நான் உண்மையைத்தான் சொல்வேன். "எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்."

டெனிஸ் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவான். சனிக்கிழமையே கோவளத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய், படகு வந்து இறங்கின மீனை வாங்கி ஐஸ் போட்டு வைத்துக் கொண்டுவருவான். "அப்பாவுக்கு முள்ளில்லாத மீனா பாத்து எடுத்தேம்மா" என்று கையில் கொடுப்பான். தலையும் செதிலும் குடலும் உன் செடிக்கு, சதை அப்பாவுக்கு என்று சிரிப்பான். நான் முழுசாகவே டப்பாவில் போட்டேன். சதை சேர்த்துப் போட்டால் அமிலம் கெட்டியாக வரும்.

ஒரு தரம் கேட்டான். "அப்பா ரொம்ப எளைச்ச மாதிரி இருக்காரேம்மா."

"படுக்கையிலேயே இருந்தா சதை கரையத்தான்டா செய்யும்."

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிரலாமா?"

"அடுத்த வாரம் பாக்கலாம்."

சரி என்று தலையாட்டினான். அவனுக்கு நிம்மதியாக இருந்தது என்று நினைக்கிறேன். அவனுக்கும் வேலை, பிள்ளைகள் படிப்பு. பார்க்காமல் இருக்க அவனுக்கு ஒரு வசதி தேவைப்பட்டது, நான் செய்து கொடுத்தேன்.

போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனான். இவர் அவன் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "போதும், போதும், போதும்" என்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது. டெனிஸுக்கும் கண் கலங்கிற்று. "போதும் கெளம்புன்னு அப்பா வெரட்டுறார் பாரும்மா" என்று சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். போர்வையை மார்பு வரை இழுத்து விட்டேன்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, குழுவிலிருந்து என் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். அந்த வாரம் டெனிஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். காலையிலேயே வந்துவிட்டார்கள். மாடி நிறைய ஆட்கள். நான் ஒவ்வொரு தொட்டியாக நின்று சொன்னேன். சிலர் போனில் படம் பிடித்தார்கள். வயதான ஒருவர், என்னிடம் படித்த பிள்ளையின் அப்பாவாம், "டீச்சர், நீங்க பேசுறதக் கேட்டுட்டே இருக்கலாம்" என்றார். எல்லோருக்கும் சுண்டலும் கேசரியும் வைத்திருந்தேன்.

விஷ்ணுப்ரியா கை கழுவ வேண்டும் என்று கீழே போனாள். கையில் கேசரித் தட்டு இருந்திருக்கிறது. குளியலறைக்கு அடுத்த அறை இவருடையது. கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தேன். சத்தம் கேட்டுத் திறந்தேன் என்று உங்களிடம் அவள் சொல்லியிருப்பாள்.

வெகுநேரம் ஆகியும் அவள் மேலே வரவில்லை. நான் இறங்கிப் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தட்டு காலியாக இருந்தது. இவர் அவளுடைய துப்பட்டா நுனியை இடது கையில் சுற்றிப் பிடித்திருந்தார். வாயைத் திறந்தபடி "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் கேசரி. அவள் போர்வையை விலக்கியிருந்தாள். விலா எலும்பையும் தொடையையும் பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி" என்றாள். அதுவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "அங்கிள் கடைசியா எப்ப சாப்பிட்டார்?"

"காலையில கொடுத்தேன்."

"எவ்வளவு?"

"போதும்னார். எடுத்துட்டேன்."

அவள் துப்பட்டாவை உருவாமல், அப்படியே உட்கார்ந்தபடி போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். மாடியில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குக் கேசரி போதுமா என்று பார்க்க நான் மேலே போய்விட்டேன்.

அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் போய்விட்டார். டாக்டர் சின்னப் பையன். என்னை நடையில் நிறுத்தி, "வேற வியாதி எதுவும் இல்லைம்மா" என்றான். அதற்கு மேல் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. உடம்பு அந்த அளவு வற்றின பிறகு சாப்பாடு கொடுத்தாலும் ஏற்காதாம். செடியிலும் அப்படித்தான், வேர் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் அழுகும். இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் டெனிஸ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹாலில் நின்றபடி கேட்டான்.

"நான் கொண்டுவந்த மீன அப்பா சாப்பிட்டாரா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"இல்லப்பா."

தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கவில்லை. மாடிக்குப் போனான். டப்பாக்களைத் திறந்து பார்த்திருக்கிறான். கீழே வந்தபோது கையெல்லாம் மீன் அமிலம். சோப்பு எடுத்துக் கொடுத்தேன். அதையும் வாங்காமல் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தான்.

பட்டினி போட்டுக் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வார்த்தை பொருந்தவில்லை. அடுப்பு அணையாத வீடு அது. அவர் படுத்த பிறகு அவருக்காகச் சமைத்ததில் ஒரு பருக்கையை நான் தின்றதில்லை, குப்பையில் போட்டதில்லை. செத்துப்போகட்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் மேல் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். தேடிப் பார்த்தேன். இல்லை. ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். இப்போதும் அழுகை வரவில்லை. உங்கள் கான்ஸ்டபிள் அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அவருக்குப் பசிக்கிறது என்று எனக்குத் தெரியுமா, அதுதான் உங்கள் கேள்வி. அந்த வார்த்தையை நம்பிவிட்டேன் என்று சொல்லலாம். வக்கீல் வந்தால் அப்படித்தான் சொல்லச் சொல்வார். சொன்னால் நீங்களும் நம்பலாம். வயதான பெண், தனி ஆள், புரியாமல் செய்துவிட்டாள் என்று.

குழுக்காரர்கள் தோட்டம் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் காலை. முட்டையை மசித்துக் கஞ்சியில் கலந்து கொண்டுபோனேன். ஜெபம் பண்ணினேன். ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கினார். எதுவும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். வாய் அசைந்தது. உதட்டைக் கூட்டி எதையோ பிடிக்கப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்தது. அந்த வார்த்தை வரவில்லை. நான் அது வராமலே எழுந்தேன். கிண்ணத்தோடு கதவுக்கு வந்தபோது, பின்னாலிருந்து தெளிவாக, "ரத்தினா" என்றார்.

மிருதுளாவுக்குப் போன் பண்ணியிருக்கலாம். டெனிஸுக்குச் சொல்லியிருந்தால் அலுவலகத்திலிருந்து ஓடி வந்திருப்பான். ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வெயில் ஏறுவதற்குள் செடிக்கு ஊற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வேர் வெந்துவிடும். மறுபடியும் என் பேரைச் சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார். எனக்குக் கேட்டது, மேடம். கேட்டுக்கொண்டேதான் படியேறினேன்.